கை எங்கே பலம், எங்கே பலவீனம்? கிட்டார் வாசிப்பவர்களுக்கு 14 குறிப்புகள்

மலாக்கா மாநிலத்தில் மெர்லிமாவ், ஜாசின், அலோர் காஜா, மஸ்ஜித் தானா என்று எந்தப் பக்கம் போனாலும் வீட்டில் கிட்டார் வைத்திருக்கும் தமிழ்ப் பிள்ளைகளைப் பார்க்கலாம். தோட்டங்கள் கைமாறி, லயன் வீடுகள் காலியாகி, குடும்பங்கள் ஆயர் குரோ, செங், பத்து பெரெண்டாம் பக்கத்துத் தாமான்களுக்கு வந்த பிறகும் அந்த வாத்தியம் கூடவே வந்திருக்கிறது. இவர்களில் பலர் வாத்தியாரிடம் போய்க் கற்றவர்கள் இல்லை. அண்ணன் வாசிப்பதைப் பார்த்தும், கோவில் பஜனையில் பின்னால் உட்கார்ந்தும், இப்போது யூடியூபைப் பார்த்தும் பழகியவர்கள். கேள்வி ஞானம் அபாரமாக இருக்கும். ஆனால் "உனக்கு இது வருகிறது, இது வரவில்லை" என்று எடுத்துச் சொல்ல ஆள் இருக்காது. வருவதையே திரும்பத் திரும்ப வாசித்து, வராததை ஒதுக்கி வைத்தே பல வருடங்கள் ஓடிவிடும்.

"எனக்கு இது வராது" என்று நாம் சொல்லிக்கொள்ளும் உத்தி ஒன்று. கை உண்மையில் தடுமாறும் இடம் பெரும்பாலும் வேறொன்று. பழுது எங்கே என்று கண்டுபிடிக்காமல் மணிக்கணக்கில் சாதகம் செய்தால் விரல் காய்ப்பதுதான் மிச்சம். வீட்டிலேயே அதைக் கண்டுபிடிக்கச் சில வழிகள் இதோ.

1. கையைச் சோதிக்கும் முன் கிட்டாரைச் சோதியுங்கள். மர கிட்டாருக்குக் காற்றில் ஈரப்பதம் 45 முதல் 55 விழுக்காடு வரை இருப்பது நல்லது. நம் ஊரில் அது சாதாரணமாக 80ஐத் தொடும். மரம் ஈரத்தைக் குடித்து உப்பும்போது மேல் பலகை லேசாக எழும்பும், அதோடு கம்பியும் உயரும். பன்னிரண்டாவது ஃபிரெட்டில் அடிக்கோல் வைத்துப் பாருங்கள். தடித்த கம்பிக்கும் ஃபிரெட்டுக்கும் நடுவே 2.5 மில்லிமீட்டர், மெல்லிய கம்பிக்கு 2 மில்லிமீட்டர் என்றால் சுகமாக வாசிக்கலாம். 3.5 மில்லிமீட்டரைத் தாண்டிவிட்டால் எப்பேர்ப்பட்ட கையும் திணறும். பழுது பார்க்கும் கடையில் கொடுத்துக் கம்பியை இறக்கச் சொல்லுங்கள். வாசித்து முடித்ததும் பழைய கைலித் துணியால் கம்பிகளைத் துடைத்து வையுங்கள்; வியர்வைக் கையும் ஈரக் காற்றும் சேர்ந்தால் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும். வெயிலில் நிற்கும் காருக்குள் கிட்டாரை விட்டுவிட்டுப் போகாதீர்கள். உள்ளே பசை இளகிவிடும்.

2. ஒரு 555 புத்தகம் வாங்குங்கள். மளிகைக் கடையில் கடன் கணக்கு எழுதுவார்களே, அதே சின்னப் புத்தகம் போதும். ஒவ்வொரு உத்திக்கும் மூன்று கட்டம் போடுங்கள்: மெதுவாக வாசித்தால் சுத்தமாக வருகிறதா, பாட்டின் வேகத்தில் வருகிறதா, நாலு பேர் முன்னால் வருகிறதா. மூன்றும் வேறுவேறு. முதல் கட்டத்தில் தேறி மூன்றாவதில் விழும் உத்தியை "எனக்குத் தெரியும்" என்று கணக்கில் சேர்ப்பதால்தான் மேடையில் கை நடுங்குகிறது. எழுதும்போது நுணுக்கமாக எழுதுங்கள். "பார் கார்ட் வராது" என்று எழுதி என்ன பயன்? "சியிலிருந்து எஃப் போகும்போது சுண்டு விரல் பிந்தி விழுகிறது" என்று எழுதினால் நாளைக்கே வேலையைத் தொடங்கலாம்.

3. பரீட்சைக்காரர்கள் மதிப்பெண்ணைப் பிரிக்கும் முறையையும் ஒரு முறை பாருங்கள். மலேசியாவில் நிறையப் பேர் எழுதும் ஏபிஆர்எஸ்எம் செய்முறைத் தேர்வுக்கு மொத்தம் 150 மதிப்பெண். மூன்று பாடல்களுக்குத் தலா 30, ஸ்கேலுக்கு 21, இசைக்குறிப்பைப் பார்த்த மாத்திரத்தில் வாசிப்பதற்கு 21, செவித்திறனுக்கு 18. தேர்ச்சி பெற 100 வேண்டும். பாட்டு மூன்றிலும் முழுசாக 90 வாங்கினாலும் தேர்ச்சி கிடையாது! கச்சேரிக்கு வாசிக்கும் நம் ஆட்கள் அந்த மிச்ச 60 பக்கம் போவதே இல்லை. ஆனால் செவித்திறனில் அவர்கள் பலசாலிகள். வானொலியில் மின்னல் எஃப்எம் பாட்டு ஓடும்போதே சுருதியைக் கண்டுபிடித்துக் கூட வாசிப்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அது பெரிய சொத்து. புத்தகத்தில் பலம் என்ற பக்கத்தில் அதை முதலாவதாக எழுதுங்கள்.

4. கைபேசியில் பதிவு செய்து, மறுநாள் கேளுங்கள். வாசித்த கையோடு கேட்டால், வாசிக்க நினைத்ததுதான் காதில் விழும். ஒரு நாள் இடைவெளி விட்டால் உண்மையில் வாசித்தது கேட்கும். மூன்றடி தள்ளிக் கைபேசியை வைத்து, ஒரே பாட்டை நிறுத்தாமல் கடைசி வரை வாசியுங்கள். தவறினால் திரும்ப ஆரம்பிக்காதீர்கள். தவறிய பிறகு எத்தனை தாளத்தில் திரும்பச் சேருகிறீர்கள் என்பதும் ஒரு திறமைதான், அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

5. எஃப் கார்ட் விஷயத்துக்கு வருவோம். இதில்தான் பாதிப் பேர் கிட்டாரைப் பரண் மேல் ஏற்றிவிடுகிறார்கள். அதே பிடியை அப்படியே ஐந்தாவது ஃபிரெட்டுக்கு ஏற்றி வாசியுங்கள், அது ஏ மேஜர். அங்கே தெளிவாக ஒலித்து, முதல் ஃபிரெட்டில் மட்டும் கம்பி செத்துப்போனால் உங்கள் விரல்மேல் குற்றமில்லை. தலைப்பக்கம் கம்பிகள் உட்காரும் நட்டு உயரமாக இருக்கிறது. உறுதிப்படுத்திக்கொள்ள, கம்பியை மூன்றாவது ஃபிரெட்டில் அழுத்திப் பிடித்துக்கொண்டு முதல் ஃபிரெட்டுக்கு மேலே குனிந்து பாருங்கள். மெல்லிய தாள் நுழையும் அளவு சந்து இருந்தால் சரி. தடித்த அட்டையே நுழையும் என்றால் நட்டின் பள்ளத்தை அரம் போட்டு இறக்க வேண்டும். அனுபவம் உள்ளவரிடம் கொடுங்கள், அதிகமாக அறுத்துவிட்டால் கம்பி ஃபிரெட்டில் உரசி இரையும்.

ஐந்தாவது ஃபிரெட்டிலும் ஒலிக்கவில்லை என்றால் விரலைப் பாருங்கள். ஆள்காட்டி விரலின் உட்புறம் மெத்தென்று இருக்கும், மூட்டு மடியும் கோட்டில் ஒரு பள்ளமும் இருக்கும். அந்தப் பள்ளத்தில் ஒரு கம்பி மாட்டிக்கொண்டால் எவ்வளவு அழுத்தினாலும் ஒலிக்காது. விரலைக் கட்டைவிரல் பக்கமாகக் கொஞ்சம் உருட்டி, எலும்பு தெரியும் ஓரத்தைக் கம்பிமேல் படுக்க வையுங்கள். முழங்கையை விலாவை ஒட்டிக் கொண்டுவாருங்கள். பிறகு கம்பிகளை ஒவ்வொன்றாகத் தட்டி எது மங்குகிறது என்று கேளுங்கள். பெரும்பாலும் ஒரு கம்பிதான் மங்கும். விரலை நூலளவு மேலே அல்லது கீழே நகர்த்தினால் அதுவும் எழுந்துவிடும். இதற்குப் பலம் தேவையில்லை, இடம்தான் தேவை.

6. ஒரு நிமிடக் கணக்கு. கைபேசியில் 60 விநாடி வைத்து, இரண்டு கார்டுகளுக்கு நடுவே மாறிமாறிப் போய் எத்தனை மாற்றம் வருகிறது என்று எண்ணுங்கள். ஜிக்கும் சிக்கும் நடுவே 60 வந்து, எஃபுக்கும் டி மைனருக்கும் நடுவே 18 வந்தால் உங்கள் பலவீனம் எண்ணாகவே கண் முன்னால் நிற்கும். தினம் ஒரே ஒரு ஜோடி போதும்.

7. கேப்போவைக் கழற்றி வையுங்கள். நம் மேடைகளில் பெண் பாடகர் ஐந்தரைக் கட்டை என்பார், அடுத்து வரும் ஆண் பாடகர் இரண்டரைக் கட்டை என்பார். உடனே கேப்போவை மாட்டி ஜி, சி, டி பிடியிலேயே சமாளித்துவிடுவோம். கச்சேரியில் அது தப்பே இல்லை, பாட்டு நன்றாகக் கேட்க வேண்டும். ஆனால் வீட்டில், தெரிந்த ஒரு பாட்டை கேப்போ இல்லாமல் இரண்டரைக் கட்டையில், அதாவது டி ஷார்ப்பில், வாசித்துப் பாருங்கள். ஃபிரெட் பலகை உங்களுக்கு எவ்வளவு தெரியும் என்பது ஐந்து நிமிடத்தில் விளங்கிவிடும். பல வருடம் மேடை ஏறியவர்கள்கூட இங்கேதான் நிற்கிறார்கள். இந்தக் குறிப்புகளில் ஒன்றை மட்டும்தான் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள்.

8. செம்பனைக் குலை வெட்டும் கை, தொழிற்சாலையில் எட்டு மணி நேரம் பெட்டி தூக்கும் கை, இவற்றில் பிடி உரமாக இருக்கும். கிட்டாருக்கு அந்த உரம் சில நேரம் கெடுதல். அதிகமாக அழுத்தினால் சுருதி ஏறும், மாற்றம் தாமதமாகும், மணிக்கட்டு வலிக்கும். சோதனை இப்படி: கம்பியைத் தொட்டும் தொடாமலும் விரலை வைத்துத் தட்டுங்கள், "டக்" என்று மட்டும் கேட்கும். மெல்ல மெல்ல அழுத்தத்தை ஏற்றிக்கொண்டே தட்டுங்கள். சுரம் தெளிவாகும் அந்த நொடியில் நிறுத்துங்கள். அவ்வளவுதான் தேவை. விரலை ஃபிரெட் கம்பிக்குப் பின்னால் ஒட்டி வைத்தால் இன்னும் குறையும். வழக்கமாகக் கொடுக்கும் அழுத்தத்தில் பாதி வீண் என்று பலருக்கு அப்போதுதான் தெரியும். வேலை முடிந்து வந்த களைப்பில் புது உத்தி பழகாதீர்கள். விரல் மரத்துப் போனாலோ, இரவில் கை குடைந்தாலோ, சாதகத்தை நிறுத்திவிட்டு அரசாங்கக் கிளினிக்கில் காட்டுங்கள்.

9. தாளம். நம் பையன்களிடம் பலவீனம் என்னவென்று கேட்டால் "லீட் வராது, வேகம் பத்தாது" என்பார்கள். பதிவைப் போட்டுக் கேட்டால் காலப்பிரமாணம் ஓடியிருக்கும். பல்லவியில் இருந்த வேகம் இரண்டாவது சரணத்தில் இருக்காது. இதைக் கண்டுபிடிக்க இடது கையால் எல்லாக் கம்பியையும் லேசாக மூடிக்கொண்டு, வலது கையால் "சக் சக்" என்று மட்டும் அடியுங்கள். மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 வைத்துத் தொடங்குங்கள். அது பழகிய பின் ஒலியைக் குறைத்துவிட்டு, நான்கு சுற்று நீங்களாகவே அடித்து, மறுபடி ஏற்றுங்கள். அதோடு சேர்ந்து நின்றால் உங்கள் தாளம் திடமானது. தமிழ்ச் சினிமாப் பாட்டுகளில் ஆறு எண்ணிக்கை நடை நிறைய வரும். ஒன்றிலும் நான்கிலும் அழுத்தம் விழ வேண்டும். நாலு எண்ணிக்கையில் கெட்டியாக நிற்பவர் இதில் சறுக்குவது உண்டு, இரண்டையும் தனித்தனியே சோதியுங்கள்.

உறுமி மேளக் குழுவில் நண்பர்கள் இருந்தால் அவர்களோடு ஒரு நாள் உட்காருங்கள். காவடிக்கு வேகம் ஏறும்போது அவர்கள் எல்லோரும் சேர்ந்து ஏறுவார்கள், சேர்ந்தே இறங்குவார்கள். கிட்டார்க்காரருக்கு அது பெரிய பள்ளிக்கூடம். உஜோங் பாசிர் போர்ச்சுகீசியர் குடியிருப்பில் ஜூன் கடைசியில் சான் பெட்ரோ திருவிழா நடக்கும். அங்கே பிராஞ்ஞோ ஆட்டம் வைத்தால் போய், கிட்டார் வாசிப்பவரின் வலது கையை மட்டும் கவனியுங்கள். கை நிற்கவே நிற்காது. மலேசியாவில் பிறந்து சிங்கப்பூரில் வாசித்து 2012இல் மறைந்த பால் பொன்னுத்துரையின் பதிவுகளையும் தேடிக் கேளுங்கள். ஒரு கிட்டாரும் ஒரு குரலும் வைத்துக்கொண்டு தாளக்காரர் இல்லாத குறையே தெரியாமல் வாசித்தவர் அவர்.

10. இரண்டு பாட்டை அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள். "பயணங்கள் முடிவதில்லை" (1982) படத்தின் "இளைய நிலா" வலது கை விரல்களுக்கு நல்ல பரீட்சை. கிட்டாரில் சந்திரசேகர் கம்பிகளைப் பிரித்துப் பிரித்து வாசித்திருப்பது தண்ணீர் மாதிரி ஓடும். பாதி வேகத்தில் ஒவ்வொரு சுரமும் ஒரே அளவு சத்தத்தில் விழுகிறதா என்று பாருங்கள். மோதிர விரல் தட்டும் கம்பி மட்டும் சன்னமாகக் கேட்டால் அந்த விரலுக்குத் தனிச் சாதகம் தேவை. "மூடுபனி" (1980) படத்தின் "என் இனிய பொன் நிலாவே" கார்ட் மாற்றத்துக்கும் ஸ்ட்ரம்மிங்கின் மென்மைக்கும். குரலை மூழ்கடிக்காமல் கூடவே நடக்க முடிகிறதா? இரண்டும் இளையராஜாவின் இசை. அவரே கிட்டார் வாசிப்பில் தேர்ந்தவர் என்பதால் அவர் பாட்டுகளில் கிட்டாருக்குச் சும்மா ஒரு இடம் கொடுத்து நிற்கவைக்க மாட்டார். இந்த இரண்டையும் மாதம் ஒரு முறை பதிவு செய்து வைத்தால் உங்கள் முன்னேற்றம் உங்கள் காதுக்கே தெரியும்.

11. கம்பியை இழுத்து வாசிப்பவர்கள் சுருதி சேருகிறதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும். மூன்றாவது கம்பியில் ஒன்பதாவது ஃபிரெட்டைத் தட்டி அந்தச் சுரத்தை வாய்விட்டுப் பாடுங்கள். பிறகு ஏழாவது ஃபிரெட்டிலிருந்து இழுத்து, பாடிய சுரத்தைத் தொடுங்கள். பெரும்பாலும் ஒரு மயிரிழை குறைவாகவே நிற்கும். ஒற்றை விரலால் இழுக்காமல் பின்னால் இரண்டு விரல்களை முட்டுக் கொடுங்கள், மணிக்கட்டைத் திருப்பி இழுங்கள். மர கிட்டாரில் 12 கேஜ் கம்பி போட்டுக்கொண்டு கமகம் பழகுவது சிரமம். 10 கேஜ் போட்டால் விரல் பேசும். கர்நாடக இசையைக் கிட்டாரில் வாசிக்கும் ஆர். பிரசன்னாவைக் கேட்டால் எங்கே இழுக்கிறார், எங்கே சறுக்கிப் போகிறார் என்று பிரித்தறியலாம். எந்தச் சுரத்தை அசைக்கக் கூடாது என்பதும் அதில் பாடமாக இருக்கும்.

12. வீட்டுச் சுவர் ஒன்றுக்கு இரண்டு குடும்பம் என்று இருந்தால் இரவில் பிக் போட்டு அடிக்க முடியாது. அந்த நேரத்தைக் கட்டைவிரலுக்குக் கொடுங்கள். அமெரிக்காவில் வெஸ் மான்ட்கோமரி பகலில் தொழிற்சாலை வேலை பார்த்துவிட்டு, பக்கத்து வீட்டாருக்குத் தொந்தரவு வேண்டாமென்று பிக்கை வைத்துவிட்டுக் கட்டைவிரலால் வாசித்துப் பழகியவர். ஜாஸ் உலகமே பின்னாளில் அந்த இதமான நாதத்தைத் தேடி வந்தது. ஷிஃப்ட் வேலை பார்க்கும் நம் பிள்ளைகளுக்கு இது சொல்ல வேண்டிய கதை. நகத்தால் தட்டுபவர்கள் பாத்திரம் கழுவிய உடனே வாசிக்க வேண்டாம், நகம் ஊறி மடங்கும். இடது கை விரல் நுனியும் அப்படித்தான், குளித்துவிட்டு வந்தால் அரை மணி நேரமாவது ஆறட்டும்.

13. பிறரிடம் கேளுங்கள், ஆனால் கேட்கும் விதமாகக் கேளுங்கள். "எப்படிண்ணே இருந்துச்சு?" என்றால் "நல்லா இருந்துச்சு தம்பி" என்றுதான் வரும். பாடியவரிடம் போய், "அக்கா, எந்த இடத்துல உங்களுக்கு மூச்சு விடச் சிரமமா இருந்துச்சு?" என்று கேளுங்கள். தபேலாக்காரரிடம், "அண்ணே, ரெண்டாவது சரணத்துல நான் ஓடிட்டேனா?" என்று கேளுங்கள். இன்னொரு கிட்டார்க்காரரிடம் கேட்பதைவிட இந்த இருவரிடம் கேட்பது மேல். அவர்கள் உங்கள் விரலைப் பார்ப்பதில்லை, உங்கள் வாசிப்பின் மேல் ஏறி நிற்கிறார்கள். சொன்னதற்குப் பதில் பேசாமல் எழுதிக்கொள்ளுங்கள்.

14. பலத்துக்கும் நேரம் கொடுங்கள். குறையை மட்டும் நோண்டிக்கொண்டிருந்தால் வாசிப்பில் ருசி போய்விடும். நாளுக்கு அரை மணி நேரம் கிடைத்தால் முதல் பத்து நிமிடம், கை புதிதாக இருக்கும்போதே, பலவீனமான ஒரே உத்திக்கு. மிச்சம் பாட்டுக்கு. பிரான்சில் ஜாங்கோ ரைன்ஹார்ட் 1928இல் தீ விபத்தில் இடது கையின் இரண்டு விரல்களை ஏறக்குறைய இழந்தார். மிச்ச இரண்டு விரல்களுக்கு எது ஒத்துவருமோ அதைத் தேடித் தேடி வளர்த்து ஒரு புதுப் பாணியையே உண்டாக்கினார். எல்லா உத்தியும் எல்லோருக்கும் வர வேண்டியதில்லை. குழுவில் இரண்டு கிட்டார் இருந்தால் தாளம் திடமாக இருப்பவர் ரிதம் எடுக்கட்டும், இழுப்பும் சறுக்கலும் சுத்தமாக வருபவர் லீட் எடுக்கட்டும். வயதில் மூத்தவர் என்பதற்காக லீட்டைக் கொடுப்பது குழுவுக்கு நல்லதில்லை.

செங் சன்னாசிமலை ஆண்டவர் கோவில் மாசி மகம் போன்ற பெரிய திருவிழா நாட்களில் புது உத்தியை முதன்முதலாக மேடையேற்ற வேண்டாம். இரண்டு மாதம் முன்பே வெள்ளிக்கிழமை பஜனையில் ஒரே ஒரு பாட்டில் வைத்து வாசித்துப் பாருங்கள். மூன்று வாரம் தொடர்ந்து சுத்தமாக வந்தால் கச்சேரிப் பட்டியலில் சேருங்கள். வராவிட்டால் அந்தப் பாட்டுக்கு மட்டும் கேப்போ போட்டுக்கொள்ளுங்கள். எந்த ஃபிரெட்டில் போடப் போகிறீர்கள் என்பதைப் பாடுபவரிடம் ஒத்திகையிலேயே சொல்லிவிடுங்கள்.